முதல் பூச்சில் கீறியது

குகதாசன் அண்ணை எனக்குத் தரவேண்டியிருந்தது எழுநூற்று முப்பத்தெட்டுப் பவுண் ஐம்பது பென்ஸ். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டுக்கு நான்கு நாள் சாந்து பூசினேன், நாளொன்றுக்கு நூற்றெண்பது. அது எழுநூற்றிருபது. மிச்சம் பதினெட்டு ஐம்பது, கம்பிவலை வாங்க என் பையிலிருந்து போனது. வேலை முடிந்தது மே மாதம். "வாற வெள்ளி தாறன்" என்றார். எந்த வெள்ளி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டெம்பர் வந்துவிட்டது. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு பொயிலர் செத்துப்போய், என் மனைவி கனகாம்பிகை கேற்றிலில் தண்ணீர் சுடவைத்து வாளியில் கலந்து குளித்துக்கொண்டிருந்தாள். பொயிலர்காரன் எழுநூறு கேட்டான். ஒவ்வொரு காலையும் அந்தக் கேற்றில் சீழ்க்கை அடிக்கும்போது அவள் என்னைப் பார்ப்பாள்.

குகதாசன் அண்ணையிடம் இறுக்கிக் கேட்கவும் பயம். அவருடைய வான் வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன், அவர் எடுத்துத் தரும் வேலைதான் என் வேலை. ஆள் கெட்டவர் இல்லை. பிரான்சில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, எட்மண்டனில் ஒரு சின்ன கம்பனி நடத்துகிறார். காசு வருவதற்கு முன்பே அதைச் செலவழிக்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

அந்த மாதம் வட லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு வேலை. குவேக்கர் என்ற ஒரு கிறிஸ்தவக் கூட்டத்து ஆட்கள் நடத்தும் சிறிய பள்ளிக்கூடம். மொத்தமே நூற்றிருபது பிள்ளைகள்தான். பழைய வீடொன்றைப் பள்ளிக்கூடமாக்கியிருந்தார்கள். ஓவிய அறையின் ஒரு சுவர் ஈரம் குடித்து உப்பி உதிர்ந்துபோயிருந்தது. அதை உரித்துச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். பிள்ளைகளின் வகுப்பு அறையின் மறுபாதியில் நடக்கும்.

இந்த இடத்தில் என் களவு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சாந்தின் முதல் பூச்சை வழுவழுப்பாக விடக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே ஆணி அடித்த பலகையால் அதைக் கீறிவிட வேண்டும். அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பூச்சு நிற்கும். ஒரு கிழமை காய விட்டு அடுத்த பூச்சைப் பூசினால் கீறல் மறைந்துபோகும். குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவதுதான் வழக்கம். எப்படிக் கீறினாலும் பூச்சு பிடிக்கும்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்து நான்காவது வயதில். ஒன்பது வயதில் சாந்துச் சட்டி தூக்கப் போனவன் நான். இங்கே என் மகள் விதுஷாவைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய்விட்டு, வெளியே காரில் இருந்தபடி அவளுடைய முதலாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன். பேனை பிடித்தால் விரல் நடுங்கியது. ஆணி பிடித்தால் நடுங்கவில்லை. ஆகவே நான் எழுதிப் பழகியது எல்லாம் முதல் பூச்சில்தான். ஹாக்னியில் ஒரு குளியலறைச் சுவருக்குள் அ முதல் ஔ வரை இருக்கிறது. ஒரு பல் வைத்தியரின் சுவருக்குள் நான் கனகாம்பிகைக்கு எழுதிய முதல் கடிதம் இருக்கிறது. அது அவளுக்கே தெரியாது. மனதில் அன்றைக்கு எது நிற்கிறதோ அதைக் கீறுவேன். பிறகு பூசி மூடிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் மனதில் நின்றது பொயிலர். நாலு மீற்றர் சுவர், நல்ல வெளிச்சம். குகதாசன் அண்ணை சாமான் வாங்கப் போயிருந்தார். சாண் உயர எழுத்தில் இப்படிக் கீறினேன்:

குகதாசன் அண்ணை எனக்கு எழுநூற்று முப்பத்தெட்டு பவுண் ஐம்பது பென்ஸ் தறவேணும். எப்ப தருவியள்?

இலக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பழக வேண்டியது எழுத்து என்பதால் தொகையையும் எழுத்தில்தான் எழுதினேன். மிச்ச இடத்தை வழக்கம்போலக் குறுக்குக் கோடுகளால் நிரப்பிவிட்டு, மனம் கொஞ்சம் லேசாகி வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை தூசு விரிப்பை எடுக்கப் போனால் அறைக்குள் சத்தமே இல்லை. பதினெட்டுப் பிள்ளைகள், பத்துப் பதினொரு வயது இருக்கும், நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து என் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓவிய ரீச்சரும் அப்படியே நிலத்தில் இருந்தார். பெயர் ரோஸ்மேரி. அறுபது வயது, முழங்கை வரைக்கும் களிமண். அங்கே சேர், மிஸ் என்று கூப்பிடுவது இல்லை. எல்லாரும் சமம் என்று ரீச்சரையும் அதிபரையும் பிள்ளைகள் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. 'ரோஸ்மேரி ரீச்சர்' என்று இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

நேரே சமையலறைக்கு ஓடினேன். அங்கே கிளறிற்றா வேலை செய்கிறாள். மன்னார்ப் பிள்ளை, இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள்.

"பிள்ளை, என்ரை சுவரைப் பாக்கினம்! ஏன் பாக்கினம்?"

"படம் கீற முந்தி அவை அப்பிடித்தான் அண்ணை. பத்து நிமிசம் வாய் திறக்காமல் பாக்கோணும். பிறகுதான் பென்சிலைத் தொடலாம். போன கிழமை ஒரு கரட் கிழங்கைப் பாத்தவை. ஏன், சுவரிலை என்ன?"

கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் வாசலில் நின்று வாசித்தாள். கையிலிருந்த துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

ரோஸ்மேரி ரீச்சர் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடமாக ஓவியம் படிப்பிக்கிறாராம். எந்தச் சுவரும் தன்னிடம் இப்படிப் பேசியதில்லையாம். இதிலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

நான் கிளறிற்றாவைப் பார்த்தேன். அவள் மேலே பார்த்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பிள்ளை, பொய் வராது.

"அது ஒரு மன்றாட்டு" என்று இங்கிலீஷில் சொன்னாள். "ஒருத்தரிட்டை, எப்ப தருவீர் எண்டு கேக்கிறது."

ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு என் சுவர் என் கையில் இல்லை. பிள்ளைகள் மெல்லிய தாளைச் சுவரில் ஒட்டி, கரித்துண்டைப் படுக்கவைத்து உரசினார்கள். எழுத்து வெள்ளையாகவும் மிச்சம் கறுப்பாகவும் எழும்பி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவனுக்கு 'குகதா'. ஒருத்திக்கு 'பென்ஸ்'. தலை நிறையச் சுருள் முடியோடு ஒரு பிள்ளை, 'ற'வைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எல்லாவற்றிலும் அழகான எழுத்து இதுதான் என்று களிமண்ணிலும் செய்துவைத்தாள். நானும் அதில் பெருமைப்பட்டேன்.

ரீச்சர் என்னிடம் இதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள் என்று, ஆணியால் இழுப்பதுபோலக் காட்டிக் கேட்டார்.

"கீறுறது."

பிறகு பென்சிலால் படம் போடுவதுபோலக் காட்டினார்.

"அதுவும் கீறுறதுதான்."

இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று கிளறிற்றாவிடம் இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றதும் பலகையில் பெரிதாக இங்கிலீஷ் எழுத்தில் கீறு என்று எழுதினார். அன்றையிலிருந்து அந்த வகுப்பில் யாரும் படம் வரையவில்லை. எல்லாரும் கீறினார்கள். என்னைக் கண்டால் "பாலா, கீறு!" என்று கத்துவார்கள். பாலேந்திரா என்ற என் பெயரில் அவர்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை குகதாசன் அண்ணை போன் எடுத்தார். "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலை என்னவோ கூட்டமாம், என்னையும் வரட்டாம். பிள்ளையளின்ரை படம் காட்டுவினமாம். அதோடை செக்கும் தருவினம். நீ சுவரை முடிச்சிட்டியே?"

"காயுது அண்ணை."

"கெதியாக் காயச் சொல்லு."

அன்றிரவு நித்திரை வரவில்லை. அவருக்குத் தமிழ் என்னைவிட நன்றாக வாசிக்கத் தெரியும். கண்டால் காசும் இல்லை, வேலையும் இல்லை. புதன்கிழமை காலையில் சாந்தைக் குழைத்துக்கொண்டு போய் நின்றேன். முதல் பூச்சு முற்றாக இறுகவில்லைதான். வெடித்தால் வெடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டப்பலகையைக் கையில் எடுத்தேன்.

"பாலா, நோ!" என்று சுருள் முடிக்காரி கத்தினாள். பிள்ளைகள் முழுக்க எழும்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் விடட்டாம்.

அங்கே எதையும் கை தூக்கி வாக்கெடுத்துத் தீர்மானிப்பதில்லை. வட்டமாக இருந்து பேசாமல் யோசிப்பார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று உள்ளே தோன்றினால் எழும்பிச் சொல்வார்கள். மற்றவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், திரும்பவும் அமைதி. அப்படியே இருந்தார்கள். நானும் சாந்துச் சட்டியோடு ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தேன். கடைசியில் ஒரு பெடியன் எழும்பினான். "இது பாலா கீறியது. மூடுவதா விடுவதா என்று பாலாதான் சொல்ல வேண்டும்" என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முப்பத்தைந்து வருடம் சுவர் பூசுகிறேன். எந்த நிறம், எந்த நாள், எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன விருப்பம் என்று எந்தச் சுவருக்கு முன்னாலும் ஒருவரும் கேட்டதில்லை. நான் என் எழுத்தைப் பார்த்தேன். நான் எழுதியதில் மற்றவர்கள் இருந்து பார்த்தது அது ஒன்றுதான். வடிவாகத்தான் இருந்தது.

"லீவ் இற்" என்று, அப்படியே விடச் சொல்லிவிட்டேன்.

சமையலறை வாசலில் கிளறிற்றா பிடித்துக்கொண்டாள். "அண்ணை, உங்களுக்கு விசரோ? வெள்ளிக்கிழமை அந்த மனுசன் வரப்போகுது!"

"தெரியும்."

"வேலை போகும்."

"தெரியும் பிள்ளை. கேட்டவுடனை வாய் சொல்லிப்போட்டுது."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குகதாசன் அண்ணை வந்தார். அயர்ன் பண்ணின சேட்டு, சென்ற் வாசம். வாசலில் நின்று வரவேற்ற பிள்ளைகளுக்கு ரீச்சர் அவருடைய பெயரைச் சொல்லிவைத்திருந்தார். அவர்களும் வழக்கம்போல, "ஹலோ குகதாசன்! ஹலோ குகதாசன்!" என்று கைகொடுத்தார்கள். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்னடா பாலேந்திரா, இத்தினூண்டுக் குஞ்சுகள் பேர் சொல்லிக் கூப்பிடுதுகள்? என்னை எப்பிடித் தெரியும்?"

நான் பதில் சொல்லுமுன் உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

ஓவிய அறையில் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. தாய் தகப்பன்மார், பிள்ளைகள், ரீச்சர்மார், எல்லாமாக அறுபது பேர். படங்களைப் பார்க்கமுன் அரைமணி நேரம் அமைதியாக இருப்பது அவர்களுடைய வழக்கம். அதுதான் அவர்களுக்குப் பூசையும் பிரார்த்தனையும். அதைக் குகதாசன் அண்ணைக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. அவரவர் பாட்டுக்கு வந்து இருந்தார்கள், பேச்சு நின்றது. விருந்தாளி என்று அவருக்குச் சுவருக்கு நேர் எதிரே கதிரை கொடுத்திருந்தார்கள், எனக்கு அதற்குப் பக்கத்தில்.

அவர் நிமிர்ந்தார்.

அவருடைய உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கு, க, தா, சன். கண் வலப்பக்கமாக மெதுவாகப் போனது. முடிவில் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து போனது. சுற்றிவரத் தொங்கிய தாள்களில் அவருடைய பெயரும் கடனும் துண்டு துண்டாகப் பதினெட்டுத் தரம். மேசையில் களிமண்ணில் வேறு.

என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கேட்டார். "தரவேணுமுக்கு எந்த ற-னா போட்டிருக்கிறாய்?"

"பிழையோ அண்ணை?"

"சின்ன ர. நாசமாப் போவானே!"

பக்கத்திலிருந்த கிழவர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். குகதாசன் அண்ணை நிமிர்ந்து இருந்துகொண்டார். அறுபது பேரும் பேசாமல் இருக்கிறார்கள். பாதிப் பேருடைய கண் சுவரில், மிச்சப் பேருடைய கண் அவர் இருந்த பக்கம். பிள்ளைகள்கூட அசையவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சேட்டுக் கழுத்தை இழுத்துவிட்டார். வேர்வை துடைத்தார். அந்த மனுசன் தன் வாழ்நாளில் பத்து நிமிடம் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பதினைந்தாம் நிமிடம் எழும்பினார்.

"சொறி" என்றார் இங்கிலீஷில். "கனநாள் போய்விட்டது. அது என் பிழை. நான் கொடுப்பேன்." இருந்துவிட்டார்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அங்கே மரியாதை. ஒருவர் உள்ளத்திலிருந்து பேசினால் அதை அப்படியே அமைதியில் விட்டுவிடுவார்கள். குகதாசன் அண்ணை இடமும் வலமும் பார்த்தார். ஒரு முகத்திலும் மாற்றமில்லை. போதவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் எழும்பினார்.

"இன்றைக்கே கொடுப்பேன். முழுவதும்."

அமைதி. வாசலில் நின்ற கிளறிற்றா கேக் தட்டோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் தரமும் எழும்பினார். "காசாக. சுணங்கியதற்கு ஐம்பது பவுண் கூட!"

ஒரு தாய் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். திரும்பவும் அமைதி. பாவம், நாலாம் தரமும் எழும்பியிருப்பார். எவ்வளவுக்கு ஏற்றியிருப்பாரோ தெரியாது. அதற்குள் அரைமணி முடிந்துவிட்டது. அவர்களுடைய வழக்கம், கூட்டம் முடிந்தது என்பதற்கு அடையாளமாகப் பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுப்பது. கிழவர் திரும்பி, குகதாசன் அண்ணையின் கையைப் பிடித்து இறுக்கிக் குலுக்கினார். எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். அறை கலகலவென்றாகிவிட்டது.

"சரி, பேச்சு முடிஞ்சுது" என்று குகதாசன் அண்ணை பெருமூச்சு விட்டார். "வா, மெசினுக்குப் போவம்."

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் காசு மெசின். வழி முழுக்கப் பேசினார்.

"வெள்ளைக்காரற்ரை முன்னாலை நிக்கவைச்சுப் போட்டாய் என்ன? வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே!"

"பத்துத் தரம் கேட்டனான் அண்ணை."

"பதினொராம் தரம் கேக்கிறதுக்கென்ன?"

அட்டையை உள்ளே விட்டார். அந்த அறையில் அரைமணி நேரம் இருந்த தோசமோ என்னவோ, அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஏலவில்லை.

"அண்ணை, ஒண்டு சொல்லோணும். அவைக்கு அது வாசிக்கத் தெரியாது."

"எது?"

"சுவர். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் கிளறிற்றாவுக்கும்தான். அவை அதை ஒரு மன்றாட்டு எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். பேசாமல் இருந்தது அவையின்ரை கும்பிடு. உங்களைக் கேள்வி கேக்கேல்ல."

மெசின் கீ கீ என்று கத்தியது. அவர் விரலைக் காற்றில் வைத்தபடி நின்றார். அட்டை வெளியே வந்து நாக்கு நீட்டியது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் குஞ்சுகள் பேர் சொன்னது?"

"அங்கை எல்லாரையும் பேர்தான் சொல்லுவினம்."

"கிழவன் கை தந்தது?"

"கூட்டம் முடிஞ்சா அப்பிடிக் குடுப்பினம்."

ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. எழுநூற்று முப்பத்தெட்டு ஐம்பதும் அதிலேயே ஏறிப்போவதுபோல நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. மெசினில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "மூண்டு தரம் எழும்பினனான் என்ன? அம்பது வேறை கூட்டினனான்!" மூச்சு வாங்கினார். அட்டையைத் திரும்ப உள்ளே தள்ளினார். "போகட்டும். கை குடுத்தாச்சு."

ஒரு அட்டையில் ஐந்நூறு எடுத்தார், மற்ற அட்டையில் இருநூற்றுத் தொண்ணூறு. நான் எண்ணி, ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"இது சுவரிலை இல்லை அண்ணை." பையைத் தடவி ஒன்றரைப் பவுண் சில்லறையும் எடுத்துக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனதும் ரோஸ்மேரி ரீச்சரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. கிளறிற்றா சொன்னாள், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரீச்சர் கேட்டு முடித்து, களிமண் வாளி மேல் இருந்து கண்ணீர் வரும்வரை சிரித்தார். பதினெட்டு வீட்டில் இதைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார்கள் என்றார். பிறகு, அப்படியென்றால் சுவர் முடியவில்லை, கொடுத்ததையும் அதில் சொல்ல வேண்டாமா என்று கேட்டார்.

ஆணியை என் கையில் தந்தார்கள். காய்ந்துகொண்டிருந்த சுண்ணாம்பு கொஞ்சம் முரண்டு பிடித்தது. கடைசி வரிக்குக் கீழே 'தந்தாச்சு' என்று கீறினேன். குகதாசன் அண்ணை கேக்கைக் கடித்தபடி பின்னால் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்தார்.

"இது சரி. மேலை இருக்கிறதையும் திருத்து. ற-வை ர ஆக்கு."

"நோ!" என்று சுருள் முடிக்காரி கத்தினாள்.

ற அப்படியே இருந்தது. திங்கட்கிழமை பூச வேண்டும். குகதாசன் அண்ணை மேசையிலிருந்த மெல்லிய தாள் ஒன்றை எடுத்துக் கடைசி வரியின் மேல் வைத்துப் பிடித்தார்.

"கரியைக் கொண்டா பிள்ளை" என்றார் சுருள் முடிக்காரியிடம், தமிழில். அவளுக்கு விளங்கிவிட்டது. "நல்லா உரசு. ஒரு எழுத்தும் விடுபடக்கூடாது. இது என்ரை ரசீது."